கீறல் படாத கத்திக்கு ஒரு வாழ்த்து

விலை உயர்ந்த காட்டுக் கத்தியை வாழ்த்தி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதைப் பற்றி நான் சொல்லப்போவதில் மிகை எதுவும் இல்லை. அதன் எஃகு உயர்ந்தது, பிடி உறுதியானது, உறை கச்சிதமானது. பத்தாண்டு கழித்து எடுத்துப் பார்த்தாலும் கடையில் வாங்கிய அன்று இருந்த மினுக்கம் அப்படியே இருக்கும். அப்படி இருக்கிற கத்திகளைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு கத்தி இத்தனை காலம் புதிதாகவே இருப்பது எவ்வளவு அரிது என்பதைக் கத்தியால் பிழைக்கிறவர்களைக் கேட்டால்தான் தெரியும். அவர்களில் ஒருவரிடமும் அப்படி ஒரு கத்தி கிடையாது.

அது எந்தக் கத்தியின் இடத்துக்கு வந்தது என்று சொன்னால்தான் அதன் பெருமை முழுதாக விளங்கும். காட்டிலும் மலையிலும் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களில் உலகெங்கும் ஏராளமானோருக்கு முதல் கத்தி ஸ்வீடன் நாட்டு மோராதான். டாலர்னா மாகாணத்தில் சில்யான் ஏரியை ஒட்டிய ஊர் மோரா. அதன் பக்கத்தில் ஓஸ்ட்னோர் என்று ஒரு சிற்றூர். அமெரிக்கா போய் உழைத்துப் பணத்தோடு திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன், வெட்டிய மரங்களைப் பனியில் இழுத்துவரும் சறுக்குவண்டி செய்ய 1891-இல் அங்கே ஒரு தொழிற்சாலை தொடங்கினார். அங்கே கத்தியும் செய்தார்கள். காலப்போக்கில் வண்டி போய்விட்டது, கத்தி நிலைத்துவிட்டது. 1912-இல் அதே ஊரில் கே. ஜே. எரிக்சன் என்ற இன்னொரு கத்தித் தொழிற்சாலை எழுந்தது. 2005-இல் இரண்டும் ஒன்றாகி, இப்போது மோராக்னிவ் என்ற பெயரில் கத்தி வருகிறது.

அதில் பலரும் வாங்குவது கம்பேனியன் என்ற வகை. அலகு 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தடிமன் 2.5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் பிடிமேல் ரப்பர் போர்த்தியிருக்கும், உறையும் பிளாஸ்டிக்தான். அமெரிக்கச் சந்தையில் 20 டாலரை ஒட்டி விலை. ஸ்வீடனில் இந்தக் கத்தியைக் காட்டுக்குப் போகிறவர்களுடையது என்று யாரும் தனியாகப் பிரிப்பதில்லை. தச்சர், பெயின்டர், மின்வேலை செய்பவர், மீன்பிடிப்பவர் எல்லோரிடமும் இருக்கும். அந்த நாட்டுத் தொழிலாளர்களின் காற்சட்டைகளில் கத்தி உறையைத் தொங்கவிடுவதற்கென்றே ஒரு பொத்தான் தைத்திருப்பார்கள். பெட்டி கிழிக்க, பலகை கீற, ஆப்பு சீவ, சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியில் வெண்ணெய் தடவ என்று நாள் முழுக்க அதற்கு வேலை இருக்கும்.

அதற்குக் குறைகள் உண்டு. அலகின் வால் பிடியின் கடைசிவரை போவதில்லை, பாதி தாண்டி நின்றுவிடும். உறை லொடலொடக்கும். எடுத்துக் காட்டினால் யாரும் ஒரு கணம்கூட வியந்து பார்க்க மாட்டார்கள். ஆகவே ஓரிரண்டு ஆண்டில் "அடுத்ததாக நல்லதாக ஒன்று வாங்க வேண்டும்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பழைய கத்தி எந்த வேலையில் தோற்றது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அது எதிலும் தோற்கவில்லை. விலைதான் அதன் குறை. பத்து மடங்கு விலையில் ஒன்று இருக்கிறது என்பது தெரிந்த நாளிலிருந்து பழையதின் மதிப்பு இறங்கிவிடுகிறது.

புதிதாக வரும் விலை உயர்ந்த கத்தியின் முதல் பெருமை எஃகு. அதைப் பற்றிக் குறைத்துச் சொல்ல முடியாது. உருகிய எஃகை வாயுவால் சிதறடித்துப் பொடியாக்கி, அந்தப் பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கி மறுபடி கட்டியாக்குகிறார்கள். சாதாரணமாக வார்த்தால் எஃகுக்குள் கடினமான துகள்கள் பெரிது பெரிதாகத் திரண்டு நிற்கும். பொடி முறையில் அவை நுண்ணியவையாக, எங்கும் சமமாகப் பரவி நிற்கும். அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் 2001 வாக்கில் கத்திக்கென்றே கொண்டுவந்த எஸ்30வி என்ற எஃகு இந்த வகை. கார்பன் 1.45 சதவீதம், குரோமியம் 14 சதவீதம், வனேடியம் 4 சதவீதம். மோராவின் துருப்பிடிக்காத எஃகான 12சி27-இல் கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம், வனேடியம் கிடையாது. இந்த வனேடியம் கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் கார்பைடு மிகமிகக் கடினமானது. அட்டையும் கயிறும் எத்தனை அறுத்தாலும் வாய் மழுங்க நாளாகும். மோராவை நான்கு தடவை தீட்டுகிற காலத்தில் இதை ஒரு தடவை தீட்டினால் போதும் என்று வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை.

நாளாக மழுங்காத வாய் ஒரு வரம். அந்த வரத்தோடு ஒன்று சேர்ந்து வருகிறது. தீட்டத் தேவைப்படாத கத்தியை வைத்திருப்பவருக்குத் தீட்டத் தெரியாமல் போகிறது. சாணைக்கல்லில் கத்தியை வைத்து, கோணம் மாறாமல் இழுத்து, எதிர்ப் பக்கம் பிசிறு திரண்டுவிட்டதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பக்கம் மாற்றுகிற பழக்கம் வாரம் ஒருமுறை செய்தால்தான் கையில் நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை செய்கிறவரின் கை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடுமாறும். அந்த ஒருமுறையும் கல் ஒத்துழைக்காது. வீடுகளிலும் கடைகளிலும் கிடைக்கும் சாதாரணச் சாணைக்கல்லின் உராயும் பொருள் அலுமினியம் ஆக்சைடு. வனேடியம் கார்பைடு அதைவிடக் கடினம். கல், எஃகின் மென்மையான பகுதியைத் தேய்க்கும், துகள்களைத் தேய்க்காது. வைரப்பொடி பூசிய தகடு வேண்டும். அதுவும் வாங்கியாயிற்று என்று சொல்வார்கள். அந்தத் தகட்டையும் பார்த்தேன். அதுவும் புதிதாகவே இருந்தது.

இரண்டாவது பெருமை தடிமன். இதிலும் பொய் கிடையாது. ஸ்வீடனின் ஃபெல்க்னிவன் நிறுவனத்தின் எஃப்1 என்ற கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1995 முதல் ஸ்வீடன் விமானப்படை விமானிகளின் உயிர்காப்புக் கத்தி அது. அலகு 97 மில்லிமீட்டர் நீளம், முதுகு 4.5 மில்லிமீட்டர் தடிமன். நடுவில் விஜி10 என்ற கடின எஃகு, இருபுறமும் மென்மையான எஃகு போர்த்தி ஜப்பானின் செக்கி நகரில் செய்கிறார்கள். பனிக்காட்டில் விழுந்து பிழைத்த விமானியின் இடுப்பில் வேறு கருவி இருக்காது. நெம்பவும் பிளக்கவும் அறுக்கவும் அந்த ஒன்றுதான். அவருக்கு அந்தத் தடிமன் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வேண்டும். அந்தக் கத்தியை வடிவமைத்தவர்கள் தங்கள் வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வார இறுதியில் ஏரிக்கரைக்குப் போகிற மற்ற எல்லோரும், விழப்போகாத விமானத்துக்கான ஆயத்தத்தோடு போகிறார்கள்.

தடிமன் என்ன செய்கிறது என்பதை மரத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஈரக் காட்டில் நெருப்பு மூட்டச் சுருள் சீவுவது என்று ஒரு வேலை உண்டு. விரல் தடிமனுள்ள காய்ந்த ஊசியிலை மரக் குச்சியின் ஒரு முனையைக் கட்டையில் ஊன்றிச் சாய்த்துப் பிடித்து, கத்தியை மேலிருந்து கீழே ஓட்ட வேண்டும். முழங்கை நீட்டியபடியே இருக்க வேண்டும், உடம்பின் கனம் இறங்க வேண்டும். சீவல் சுருண்டுகொண்டே வந்து, அறுந்து விழாமல் குச்சியிலேயே தொங்க வேண்டும். அடுத்த சீவல் அதன் பக்கத்து விளிம்பில் தொடங்க வேண்டும். நாற்பது ஐம்பது சுருள் சேர்ந்தால் ஒரே தீக்குச்சியில் பிடித்துவிடும். மோராவின் சரிவு அலகின் நடுவிலிருந்து வாய்வரை ஒரே தட்டையாக இறங்குவது. ஸ்காண்டி சரிவு என்பார்கள். அந்தத் தட்டையான பரப்பு மரத்தின்மேல் இழைப்புளி போல உட்கார்ந்துகொள்ளும். சுருளின் தடிமனை மணிக்கட்டின் சின்னத் திருப்பலால் கூட்டலாம், குறைக்கலாம். தாள் போல மெல்லிய சுருளை எட்டு வயதுக் குழந்தை எடுத்துவிடும். 4.5 மில்லிமீட்டர் முதுகும் புடைத்த பக்கமும் உள்ள கத்தியால் எடுக்க முடியாது என்று சொல்லவில்லை. பழகிய கை எதிலும் எடுக்கும். பழகாத கை எடுக்கும்போது முதல் சுருள் தடித்து வரும், இரண்டாவது பாதியில் அறுந்து விழும், மூன்றாவதற்குக் கத்தி மரத்துக்குள் ஏறி நின்றுவிடும். ஆப்பிள் அறுத்தாலும் அப்படித்தான். பாதிவரை அறுபடும், மீதிப் பாதி பிளந்துகொள்ளும்.

கத்தி என்பது முதலில் அறுப்பதற்கு. இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருப்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. அறுக்கும் திறன் எஃகின் பெயரில் இல்லை. வாய்க்குப் பின்னால் உலோகம் எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. தடித்த அலகில் உலகத்தின் உயர்ந்த எஃகை வைத்தாலும், மெல்லிய அலகில் உள்ள சாதாரண எஃகு மரத்தில் அதைத் தாண்டிப் போய்விடும். விலைப் பட்டியலில் எஃகின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். வாய்க்குப் பின்னால் உள்ள தடிமனை யாரும் எழுதுவதில்லை.

மூன்றாவது பெருமை வால். நல்ல கத்தியில் அலகின் எஃகு பிடிக்குள் அதே அகலத்தில் கடைசிவரை ஓடும். எவ்வளவு அடித்தாலும் உடையாது. அடிப்பது எதற்கு என்றால், விறகு பிளக்க. கத்தியை விறகின் தலையில் குறுக்கே வைத்து, முதுகில் கட்டையால் அடித்து இறக்குகிற பேட்டனிங் என்ற முறை. அவசரத்துக்கு அருமையான உத்தி, மறுப்பில்லை. ஆனால் இந்தக் கலையை எழுதிவைத்த பழையவர்கள் கத்தியிடம் இந்த வேலையைக் கேட்கவில்லை. நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸின் காட்டுவாழ்வு நூல் 1884-இல் வந்தது. அவர் இரட்டை வாய் கொண்ட சின்னக் கோடரி ஒன்று, மெல்லிய அலகுக் கத்தி ஒன்று, மடக்குக் கத்தி ஒன்று என மூன்றை வைத்துக்கொண்டார். பிளப்பது கோடரி, அறுப்பது கத்தி. 1906-இல் நூல் வெளியிட்ட ஹொரேஸ் கெப்ஹார்ட்டும் கனத்த பெரிய வேட்டைக் கத்திகளை ஏற்கவில்லை, நான்கரை ஐந்து அங்குல எளிய அலகையே விரும்பினார். இருவரும் மாதக்கணக்கில் காட்டில் கிடந்தவர்கள். இன்று ஒரே கத்தியிடம் கோடரியையும் சேர்த்துக் கேட்கிறோம். அதுவும் சரி என்று கொடுக்கிறது, பாவம். கொடுத்த பிறகு, கீறல் விழுமே என்று நாமே அதை அடிக்க மறுக்கிறோம்.

இந்த மறுப்பை நேரில் பார்த்தேன். ஸ்வீடனில் இருக்கும் யாழ்ப்பாண நண்பர் ஒருவர் ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். மூன்று பக்கம் அடைத்த மரக் கொட்டகை, முன்னால் கல் வைத்த அடுப்பு. வருகிறவர்களுக்காக விறகும் அடுக்கிவைத்திருந்தார்கள். நண்பரின் இடுப்பில் புதுக் கத்தி. கறுப்புக் கைடெக்ஸ் உறையிலிருந்து "க்ளிக்" என்று வெளிவந்தது. அதன் எடை, பிடியின் வளைவு, எஃகின் பெயர், பதப்படுத்திய முறை, கடினம் எத்தனை ராக்வெல் என்று எல்லாம் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கத்தியைப் பற்றி இவ்வளவு தெரிந்தவரோடு அதுவரை நான் பேசியதில்லை. விறகு தடிமனாக இருந்தது, சிராய் வேண்டியிருந்தது. நான் கத்திக்காகக் கை நீட்டினேன்.

"அண்ணை, உது வேண்டாம். அடிச்சா கோட்டிங் போயிடும். காரில பழசு கிடக்கு, அதை எடுங்கோ."

பழசு என்றது சிவப்புப் பிடி மோரா. டிக்கியில் டயர் மாற்றும் சாமானோடு கிடந்தது. அலகில் புளிக்கறை போலக் கருப்பேறியிருந்தது, முனையில் ஒரு நூல் அளவு உடைந்திருந்தது. அதை வைத்துக் கட்டையால் நாலு தட்டு தட்டியதும் விறகு விரிந்தது. அதற்குள் அவருடைய மகள் வந்து "அப்பா, கத்தியைத் தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சாசேஜ் சுடுவதற்குக் குச்சி சீவ வேண்டும். அந்த நாட்டுப் பள்ளியில் ஸ்லோய்ட் என்ற கைவேலைப் பாடம் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயம். அவள் குச்சியை உடம்புக்கு வெளிப்பக்கமாகப் பிடித்து, பட்டையை நீளநீளமாக உரித்து, முனையைக் கூராக்கி ஆளுக்கொன்று கொடுத்தாள். நெருப்பு எரிந்தது, சாப்பிட்டோம், பொழுது சாய்ந்தது. அந்த மாலையில் வெட்ட வேண்டியிருந்ததை எல்லாம் பழைய கத்தி வெட்டியது. புதிய கத்தி மூன்று முறை வெளியே வந்தது, மூன்று முறையும் பார்ப்பதற்காக. திரும்பும்போது நண்பர் அதை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தார். பழையதை அந்தப் பெண் தன் காற்சட்டையில் துடைத்தாள்.

அந்த நண்பர்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. காட்டை நேசிக்கிறவர், மகளையும் அழைத்துப் போகிறவர். அவரிடம் குறை காண்பது என் நோக்கமில்லை. அந்தக் கத்தி அவரை மாற்றியிருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன். பழைய கத்தியை வைத்திருந்த காலத்தில் மகளுக்குச் சீவச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இப்போது அவருடைய கத்தியைப் பாதுகாப்பதே அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. கருவி மனிதனுக்குக் காவல் நிற்க வேண்டியது போய், கருவிக்கு மனிதன் காவல் நிற்கிறான்.

தமிழில் இந்தப் புகழ்ச்சிக்கு முன்னோடி ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் போனபோது அவன் தன் படைக்கொட்டிலைக் காட்டினான். ஔவை பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். தொண்டைமானின் வேல்கள் மயில்தோகை அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு இருக்கின்றன. அதியமானின் வேல்களோ முனையும் பக்கமும் உடைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. புறநானூற்றில் இந்தப் பாடல் இருக்கிறது, அதில் ஒரு வசைச் சொல்கூடக் கிடையாது. எந்த வேல் போருக்குப் போய்வந்தது என்பது தொண்டைமானுக்குப் புரியாமல் இருந்திருக்காது. நெய் பூசியது பொய்யா? மாலை சூட்டியது பொய்யா? அத்தனையும் உண்மையாக இருந்ததால்தான் அந்தச் சொல் தைத்தது.

இனி, வேலைக்காரக் கைகள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பாருங்கள். மரக்கரண்டி செதுக்கும் கலையை ஸ்வீடனில் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் வில்லே சுந்த்க்விஸ்ட். அந்த வழியில் வந்து நாள் முழுக்கப் பச்சை மரம் செதுக்குகிறவர்களிடம் இன்றும் அதிகம் பார்க்கக்கூடியது, பிர்ச் மரப் பிடி போட்ட மோரா 106. மெல்லிய அலகு, முனையை நோக்கி ஒடுங்கும் வடிவம், குறைந்த விலை. கனடாவின் வடக்குக் காடுகளில் வாழ்நாள் முழுவதும் காட்டுவாழ்வு கற்பித்து 2019-இல் மறைந்த மோர்ஸ் கோசன்ஸ்கி, அலகின் நீளம் உள்ளங்கையின் அகலத்துக்கு இருந்தால் போதும் என்றார். மாணவர்களுக்கு அவர் பரிந்துரைத்ததில் மோராவும் உண்டு. பனிக்காட்டின் உறைகுளிரில் கத்தி கைவிட்டால் உயிர் போகும் என்பது இவரைவிட யாருக்குத் தெரியும்?

இதைச் சொன்னதால் விலை உயர்ந்த கத்தியே வீண் என்று கொள்ள வேண்டாம். உப்புத் தண்ணீரில் நாளும் வேலை செய்கிறவர் நல்ல துருப்பிடிக்காத எஃகுக்குப் பணம் கொடுப்பது சரி. கோடரி கொண்டுபோக முடியாத இடத்தில், உறைபனியில், அடித்துப் பிளக்கும் தேவை உள்ளவருக்கு முழு வால் வேண்டும். மோராவே 2016-இல் கார்பெர்க் என்ற முழு வால் கத்தியை அந்தத் தேவைக்குத்தான் கொண்டுவந்தது. 3.2 மில்லிமீட்டர் தடிமன், 14சி28என் எஃகு. மீட்புப் படையினர், வனக்காவலர், வழிகாட்டிகள், நாள் முழுக்க மான் உரிக்கும் வேட்டைக்காரர்கள் இவர்களுடைய கத்தி எவ்வளவு விலையானாலும் அதைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் இல்லை. அவர்களுடைய விலை உயர்ந்த கத்தியில் கறுப்புப் பூச்சு எப்போதோ உரிந்துபோயிருக்கும், உறையின் விளிம்பு வெளுத்திருக்கும், வாய் தீட்டித் தீட்டி இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருக்கும். பழைய கத்தி எந்த இடத்தில் போதவில்லை என்று கேட்டால், யோசிக்காமல் விரலை வைத்துக் காட்டுவார்கள்.

எனக்கு மனக்குறை, பழைய கத்தி எங்கே போதவில்லை என்று தெரியாமலே அடுத்ததை வாங்க வைக்கிற பேச்சின்மேல்தான். "வாழ்நாள் முழுதும் உழைக்கும்" என்கிறார்கள், உழைக்கும்தான். "பேரனுக்குக் கொடுக்கலாம்" என்கிறார்கள், கொடுக்கலாம்தான். பேரன் கையில் அது கிடைக்கும்போது, தாத்தா அதால் என்ன செய்தார் என்பதற்கு அலகில் ஒரு தடயமும் இருக்காது. "முதல் கத்தி கற்றுக்கொள்ள, இரண்டாவது கத்தி வாழ" என்ற தொனியில் பேசுகிறார்கள். முதல் கத்தியில் கற்க வேண்டியதைக் கற்றாயிற்றா என்று அவர்கள் கேட்பதில்லை. கோணம் பிடித்துத் தீட்டத் தெரியுமா, சுருள் சீவ வருமா, மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கத்தி வைக்கத் தெரியுமா, கை நழுவினால் வாய் எங்கே போகும் என்று முன்கூட்டியே நினைக்கப் பழகியாயிற்றா? இவை வந்துவிட்டால் 20 டாலர் கத்தி நல்ல கத்தியாகிவிடும். வராவிட்டால் 300 டாலர் கத்தியும் பார்க்கத்தான் நன்றாக இருக்கும்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தப் பணத்தில் சிறு பகுதியை எடுத்து, ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக உள்ள நல்ல சாணைக்கல் ஒன்றும், வாயை இழுத்துப் பதப்படுத்த ஒரு தோல் பட்டையும் வாங்குங்கள். இருக்கிற கத்தியை அதில் வைத்துப் பழகுங்கள். ஸ்காண்டி சரிவு என்பதால் சரிவைக் கல்லில் தட்டையாகப் படியவைத்தாலே கோணம் அமைந்துவிடும், கற்றுக்கொள்ள இதைவிட எளிய கத்தி கிடையாது. மழுங்கட்டும், தீட்டுங்கள். மறுபடி மழுங்கட்டும். அலகு கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒடுங்கிய பிறகு கடைக்குப் போங்கள். அப்போது எந்த நீளம், எந்தத் தடிமன், எந்தப் பிடி வேண்டும் என்று கடைக்காரருக்கு நீங்கள் சொல்வீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கத்தி நான் மேலே சொன்ன எல்லாப் புகழுக்கும் உரியதுதான். அது வேலைக்காகச் செய்யப்பட்டது. அதைச் செய்த ஆட்கள், எஃகை உருக்கியவர், பதப்படுத்தியவர், பிடியைத் தேய்த்துப் பொருத்தியவர் எல்லோரும் அது மரத்தில் இறங்கும் என்று நம்பித்தான் செய்தார்கள். அடுத்த முறை போகும்போது டிக்கியில் கிடக்கும் பழைய கத்தியை வீட்டில் வைத்துவிட்டு, இதை மட்டும் கொண்டுபோங்கள். விறகை இதால் பிளவுங்கள், வெங்காயத்தை இதால் நறுக்குங்கள், பிள்ளை கேட்டால் இதையே கொடுங்கள்.